ஷேக்ஸ்பியர் குடும்பக் குலச்சின்னம்

நாடகாசிரியர் வில்லியம் ஷேக்ஸ்பியரின் தந்தை ஜானுக்கு 1596 அக்டோபர் 20 அன்று லண்டனில் வழங்கப்பட்ட சின்னம். பொன்னிறக் கேடயம், அதன் இடப்புற மேல்மூலையிலிருந்து வலப்புறம் சரிந்து இறங்கும் கரும்பட்டை, பட்டையின்மேல் வெள்ளி முனை பொருத்திய பொன் ஈட்டி. கேடயத்துக்கு மேலே, சிறகு விரித்த வெண்ணிற வல்லூறு ஒன்று இன்னொரு ஈட்டியைப் பற்றி நிற்கும். குடும்பப் பெயரில் உள்ள 'ஸ்பியர்' ஈட்டியைக் குறிப்பது. பெயரையே படமாக்குவது ஐரோப்பியச் சின்னக்கலையின் பழைய வழக்கம்.

ஜான் ஸ்ட்ராட்ஃபோர்டில் கையுறை தைத்து விற்றவர். 1568இல் அவ்வூர் நகரத் தலைவரானார். அதன் பின் சின்னம் கேட்டு விண்ணப்பித்தார். ஆனால் கடன் பெருகவே முயற்சி நின்றுபோனது. 1596இல் அது மீண்டும் எழுந்ததற்கு, நாடகத்தில் பொருளீட்டிவந்த மகனே காரணம் என்று கருதுவதே பொருத்தம். முன்னோர் மன்னர் ஏழாம் ஹென்றிக்குப் பணிபுரிந்ததாக விண்ணப்பம் கூறியது; அதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. சின்னம் கிடைப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் வில்லியமின் ஒரே மகன் ஹாம்னெட் இறந்திருந்தான். குலப்பெயரோடு அதை ஏந்திச் செல்ல வேண்டியவன் அவன்.

சின்னப் பதிவகத்தில் எஞ்சியுள்ள வரைவில் 'உரிமையின்றி அல்ல' என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வாசகம் காணப்படுகிறது. எழுத்தர் முதலில் அதன் நடுவே காற்புள்ளி இட்டுவிட்டார். அப்படிப் படித்தால் 'இல்லை, உரிமை கிடையாது' என்றாகிவிடும். பிறகு அதை அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறார். குடும்பத்தார் இந்த வாசகத்தைப் பயன்படுத்தியதற்குத் தடயமில்லை. சக நாடகாசிரியர் பென் ஜான்சன் 1599இல் மேடையேற்றிய நாடகமொன்றில், பணம் கொடுத்துச் சின்னம் வாங்கும் நாட்டுப்புறத்தான் ஒருவனுக்குக் கடுகுச் சாந்தை வைத்து இதே பாணியில் குறிக்கோள் வாசகம் சூட்டிக் கேலி செய்வார்கள். அது ஷேக்ஸ்பியரைக் குத்தியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

வில்லியமின் தாய்வழி ஆர்டன் குடும்பத்தின் சின்னத்தையும் சேர்த்துக்கொள்ள 1599இல் விண்ணப்பித்தனர். அந்த இணைப்பு நடைமுறைக்கு வரவேயில்லை. 1602இல் பதிவக அதிகாரி ரால்ஃப் புரூக், தகுதியற்றவர்களுக்குச் சின்னம் தரப்பட்டதாக 23 பேரைக் குறிப்பிட்டு முறையிட்டார். அவர்களில் 'நடிகன் ஷேக்ஸ்பியர்' ஒருவர். மாலி பிரபுவின் சின்னத்தைப் போலவே இது இருப்பதாகவும் குறைகூறினார். சின்னத்தை வழங்கிய வில்லியம் டெத்திக்கும் வரலாற்றாசிரியர் வில்லியம் கேம்டனும் பதிலளித்தனர்: பட்டையின்மேல் ஈட்டி இருப்பதே போதிய வேறுபாடு, ஜான் ஊராட்சிப் பதவி வகித்தவர், நல்ல குடும்பத்தில் பெண் எடுத்தவர். புரூக்குக்கு டெத்திக்கோடு நீண்ட பகை உண்டு என்பதால், அவரது சினம் முழுவதும் நடிகர்மீதானது என்று கொள்ள முடியாது.

சின்னம் தப்பியது. ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயத்தில் உள்ள ஷேக்ஸ்பியர் நினைவுச்சின்னத்தின் உச்சியில் இன்றும் அதைக் காணலாம். 1670இல் பேத்தி எலிசபெத் மக்களின்றி மறைந்தபோது வில்லியமின் நேர்வழி முடிவுற்றது.