மைசூர் மேட்டுநிலமும் ஒரு சிறு திருகும்: பயிற்சி விமானங்களின் ஐடில் வேகம்

இந்திய விமானத் தொழிலின் வரலாறு பெரும்பாலும் போர் விமானங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. விமானி ஒருவர் முதன்முதலில் தனியாக ஏறிப் பறந்த சிறு பயிற்சி விமானத்துக்கு அதில் கிடைப்பது ஓரிரு வரிகளே. அவ்விமானத்தின் எஞ்சினை, திராட்டில் முழுதும் மூடிய நிலையிலும் நின்றுபோகாமல் ஓடவைத்த சிறு திருகுக்கு அந்த ஓரிரு வரிகளும் இல்லை. ஆனால் தரையிறங்கும் கடைசி நிமிடத்தில் மாணவரின் உயிர் அந்தத் திருகை நம்பியே இருந்தது.

இந்தக் கதைக்கு மைசூரே பொருத்தமான தொடக்கம். தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் விமானத் தொழிற்சாலைக்கு இடம் தேடியபோது, திவான் மிர்சா இஸ்மாயிலின் நிர்வாகத்தில் இருந்த மைசூர் சமஸ்தானம் நிலமும் முதலீடும் தந்து அதனை வரவேற்றது. 1940 டிசம்பர் 23 அன்று இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் பெங்களூரில் பதிவானது. மறு ஆண்டே ஹார்லோ என்னும் அமெரிக்கப் பயிற்சி விமானம் அங்கே பூட்டப்பட்டுப் பறந்தது. 1943இல் நிர்வாகம் அமெரிக்க விமானப்படையின் கைக்கு மாறியது; போர் முடியும்வரை அங்கு நடந்த முதன்மை வேலை விமானங்களையும் எஞ்சின்களையும் பிரித்துப் பழுதுபார்த்துச் சேர்ப்பதே. தலைநகரான மைசூரிலும் மண்டகள்ளியில் 1940களில் சமஸ்தானம் ஒரு விமானத்தளம் அமைத்தது.

ஐடில் வேகம் என்பது விமான எஞ்சினோடு உடன்பிறந்ததன்று. 1903இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட எஞ்சினில், வானில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திராட்டில் இல்லை. முதல் உலகப்போர்க் காலத்தில் புகழ்பெற்ற நோம் சுழல் எஞ்சின்களும் ஏறக்குறைய முழுவேகத்திலேயே ஓடின. இறங்கும்போது விமானி ஒரு பொத்தானை அழுத்தித் தீப்பொறியை விட்டுவிட்டு நிறுத்துவார். கார்புரேட்டர் செம்மையான பிறகே, எஞ்சினை மெல்ல ஓடவிட்டு வழுக்கி இறங்கி, வேண்டியபோது மீண்டும் வலுவை அழைக்கும் முறை இயல்பாயிற்று.

அந்த மெல்லோட்டத்துக்குத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது. திராட்டில் திறந்திருக்கும்போது கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்று விரைந்து பாய்கிறது. அங்கே உண்டாகும் உறிஞ்சல் முதன்மை ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. திராட்டிலை மூடினால் அந்த உறிஞ்சல் அற்றுப்போகும். அப்போது உறிஞ்சல் மிகுந்திருப்பது மூடிய தகட்டின் விளிம்பில்தான். அங்கே ஒரு நுண்துளை வைத்து, அதற்குத் தனிக்குழாயில் எரிபொருள் தரப்பட்டது. அந்த வழியே செல்லும் கலவையைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. தகடு எந்த அளவுக்குமேல் மூடக்கூடாது என்று தடுக்க இன்னொரு திருகு. ஐடில் வைப்பது இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று இசைவிப்பதே.

இரு பக்கமும் ஆபத்து உண்டு. ஐடில் தாழ்ந்திருந்தால், இறங்கும் வேளையில் எஞ்சின் ஓசையின்றி நின்றுபோகலாம். ஓடுதளத்தைத் தவறவிட்ட மாணவர் மீண்டும் மேலெழ நினைக்கும்போது வலு இராது. ஐடில் உயர்ந்திருந்தால் விமானம் தரைக்கு மேலே மிதந்துகொண்டே போய் ஓடுதளத்தின் பாதியை விழுங்கிவிடும். சக்கரத் தடை இல்லாத டைகர் மாத் போன்ற விமானமோ தரையில் நின்ற இடத்தில் நில்லாமல் நகரத் தொடங்கும்.

இங்கேதான் நிலவியல் நுழைகிறது. மைசூரு கடல்மட்டத்துக்கு 700 மீட்டருக்கும் மேல் உயரத்தில் உள்ளது. பெங்களூர் அதனினும் உயரம். மைசூரின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு குறைவு. மிதவைக் கார்புரேட்டர் காற்றின் அடர்த்திக்கு ஏற்பப் பெட்ரோலைத் தானாகக் குறைத்துக்கொள்ளாது. ஆகவே சென்னையில் சரியாக வைத்த எஞ்சின் மைசூரில் சற்றே செறிந்த கலவையில் ஓடும். நெடுநேரம் ஐடிலில் நின்றால் தீப்பொறிச் செருகிகளில் கரி படியும்.

மழைக்காலம் இன்னொரு சிக்கலைச் சேர்க்கும். பெட்ரோல் ஆவியாவதாலும் அழுத்தம் குறைவதாலும் கார்புரேட்டருக்குள் வெப்பம் 20 டிகிரிக்கும் மேல் இறங்கக்கூடும். வெளியே 25 டிகிரி வெப்பமும் ஈரக்காற்றும் இருக்கும் மைசூரின் ஆடி மாதத்தில், பனியே காணாத ஊரில், மூடிய தகட்டின் விளிம்பில் பனிக்கட்டி உறையலாம். அதைத் தடுக்க விமானி சூடான காற்றைத் திறந்துவிடுவார். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் சுற்று மேலும் தாழும். முன்பே விளிம்பில் வைக்கப்பட்ட ஐடில் என்றால், காப்பதற்கென்று செய்த செயலே எஞ்சினை நிறுத்திவிடும்.

விடுதலைக்குப் பின் இந்த மேட்டுநிலத்தில் உள்நாட்டு வடிவமைப்புகள் பிறந்தன. வி. எம். காட்கே தலைமையில் உருவான ஹெச்டி-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டில் பறந்தது. தொடர் உற்பத்தியில் அதற்கு 155 குதிரைத்திறன் கொண்ட பிரிட்டனின் சிர்ரஸ் மேஜர் எஞ்சின் பொருத்தப்பட்டது. 1958இல் பறந்த புஷ்பக், 90 குதிரைத்திறன் கொண்ட அமெரிக்கக் கான்டினென்டல் எஞ்சினோடு நாடெங்கும் பறத்தல் கழகங்களுக்குச் சென்றது. அதே திறனில் பிஇ-90எச் என்ற சொந்த பிஸ்டன் எஞ்சினையும் நிறுவனம் உருவாக்கியது. விமானம் உள்நாட்டில் பிறந்தது. எஞ்சின் பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. ஆனால் ஐடிலை இறக்குமதி செய்ய முடியாது. அது ஒவ்வொரு தளத்திலும், அந்தந்த ஊரின் காற்றில், உள்ளூர் மெக்கானிக்கின் கையால் வைக்கப்பட வேண்டியது.

அந்த முறை எளியதாயினும் பொறுமை கேட்பது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, விமானத்தைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, எஞ்சினை முழுதும் சூடேற்ற வேண்டும். எரிபொருளை முற்றிலும் துண்டிக்கும் கலவைக் கைப்பிடி உள்ள எஞ்சின் எனில், ஐடிலில் அதை மெல்ல இழுப்பார்கள். சுற்று அணைவதற்கு முன் 25 முதல் 50 வரை உயர்ந்து பின் வீழ்ந்தால் கலவை சரி. உயராமலே வீழ்ந்தால் கலவை மெலிவு. மிகுதியாக உயர்ந்தால் செறிவு. கலவை அமைந்த பிறகே வேகத் திருகு. நிமிடத்துக்கு 600 சுற்று என்பது போலக் கையேடு சொல்லும் அளவில் அதை நிறுத்தி, எஞ்சினைச் சற்று உயர்த்தி ஓடவிட்டுச் செருகிகளைத் தூய்மையாக்கி, மீண்டும் முதலிலிருந்து பார்ப்பார்கள். ஒரு திருகைத் தொட்டால் மற்றதும் மாறும் என்பதே காரணம்.

மைசூருக்கு இந்தக் கைப்பழக்கம் வேறொரு வழியிலும் அறிமுகமானது. 1961இல் அங்கே தொடங்கிய ஐடியல் ஜாவா ஆலையின் ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்களின் கார்புரேட்டர் திருகைத் தென்னிந்தியாவில் திருப்பாத மெக்கானிக் அரிது. அடிப்படை ஒன்றே, விளைவு வேறு. வண்டி சாலையில் நின்றால் மறுபடி உதைத்துக் கிளப்பலாம். 200 அடி உயரத்தில் நின்ற எஞ்சினுக்கு அந்த அவகாசம் இல்லை.

விமானப்படையில் பிஸ்டன் பயிற்சியின் காலம் 2009இல் ஏறக்குறைய முடிவுற்றது. அவ்வாண்டு ஹெச்பிடி-32 தீபக் விமானம் ஒன்று வீழ்ந்து இரு விமானிகள் இறந்த பின் அவ்வகை தரையிறக்கப்பட்டது. 2013இல் டர்போபுராப் எஞ்சின் கொண்ட பிலாட்டஸ் வந்தது. தீபக்கின் குறையாகச் சுட்டப்பட்டது எரிபொருள் வழங்கும் அமைப்பே, ஐடில் அன்று. ஆயினும் பயிற்சி விமானத்தில் எஞ்சின் நிற்பது என்றால் என்ன என்பதை அந்த முடிவு நாட்டுக்கு உணர்த்தியது. குடிசார் பயிற்சிப் பள்ளிகளில் பிஸ்டன் எஞ்சின் இன்றும் ஓடுகிறது. திருகும் அங்கேயே இருக்கிறது.

ஒரு நாட்டின் விமான அறிவை அது வடிவமைத்த விமானங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கலாகாது. அயல்நாட்டு எஞ்சினைத் தன் மண்ணின் உயரத்துக்கும் மழைக்கும் இசைவித்து, கற்றுக்குட்டியின் கையில் நம்பிக் கொடுத்த பெயரறியா மெக்கானிக்குகளும் அந்த அறிவின் உரிமையாளர்களே.