ஹா லாங்: தீவுகளுக்கு நடுவே ஒரு போர்க்களம்

வியட்நாமின் ஹா லாங் விரிகுடாவில் சுமார் 1,600 சுண்ணாம்புக்கல் தீவுகள் இருக்கின்றன. 1994-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானபின் உல்லாசப் படகுகள் பெருகின. அதற்கு வெகுகாலம் முன்பே இது வணிகக் கடல். பக்கத்திலுள்ள வான் டோன் துறைமுகம் 1149-இல் உருவானது.

1288-இல் படையெடுத்து வந்த மங்கோலியரின் உணவுக் கப்பல்களை வியட்நாமியர் அங்கேதான் மடக்கினார்கள். பிறகு, பட்டினியோடு திரும்பிய படைக்கு அருகிலுள்ள பாக் டாங் ஆற்றில் பொறி வைத்தார் தளபதி சான் ஹுங் டாவ். ஆற்றுப்படுகையில் கூர்மரங்களை நட்டார்கள். ஓதம் ஏறியிருந்தபோது எதிரியை உள்ளே இழுத்தார்கள். நீர் வடிந்ததும் கப்பல்கள் மரங்களில் குத்தி நின்றன. எவ்வளவு துல்லியமான கடலறிவு!

அதே அறிவோடு விரிகுடாவில் வாழ்ந்த குவா வான் மிதவைக் கிராமத்து மீனவர்கள் 2014-இல் கரையில் குடியமர்த்தப்பட்டார்கள், அது பேரிழப்பு. படகுச் சவாரிக்குத் திட்டமிடுவோர் அந்த ஆற்றோர ஊரான குவாங் யென்னுக்கும் அரைநாள் ஒதுக்கலாம். சேற்றில் புதைந்திருந்த அந்தக் கூர்மரங்கள் அங்கே கிடைத்தன.