ரேடியோ கர்ப்பப்பையைப் பத்தி பாதிதான் பேசிச்சு

மத்திகிரி பக்கத்து அம்மாக்கள்கிட்ட தீட்டு நின்னுடுச்சான்னு கேட்டுப் பாருங்க. தமிழோ, "முட்டு"ங்கிற கன்னடமோ, பதில் தாழ்ந்த குரல்லதான் வரும். அதே அம்மா குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பத்தி சத்தமாவே பேசுவாங்க. இந்த வித்தியாசத்துல ரேடியோவுக்கும் ஒரு பங்கு உண்டு. சின்ன த்ரெட்.

சென்னை வானொலி நிலையம் வந்தது 1938 ஜூன்ல. அடுத்த வருஷம் மே மாசம் திருச்சி. படிக்கத் தெரியாத பெண்களுக்கும் எட்டின முதல் ஊடகம்னு ரேடியோவைச் சொல்லலாம். மாவு ஆட்டிக்கிட்டே கேக்கலாம். கேக்கும்போது யாரும் உங்க முகத்தைப் பார்க்கப் போறதில்ல.

அரசாங்கத்துக்கு இந்த பலம் நல்லா தெரியும். 1967-ல வானொலி நிலையங்கள்ல குடும்பக் கட்டுப்பாட்டுக்குன்னே தனிப் பிரிவுகள் தொடங்கினாங்க. லூப், ஆபரேஷன், பிரசவம், தடுப்பூசி எல்லாம் வீட்டுக்குள்ள வந்தது. நல்ல வேலைதான், மறுக்கல. ஆனா பிள்ளை பெறும் வயசு தாண்டினவங்களுக்குன்னு அப்படி ஒரு பிரிவு வரல. பெண்கள் நிகழ்ச்சியில எப்பவாவது ஒரு டாக்டர் பேசியிருக்கலாம். அவ்வளவுதான்.

லண்டன்ல பிபிசி 1946 அக்டோபர்ல "உமன்ஸ் அவர்" ஆரம்பிச்சது. மதியம் ரெண்டு மணி நிகழ்ச்சி. 1940-கள் முடியறதுக்குள்ளயே அதுல மாதவிடாய் நிற்பதைப் பத்திப் பேசிட்டாங்க. பிபிசி அதிகாரி ஒருத்தரே இதெல்லாம் கேக்க சங்கடமா இருக்குன்னு குறிப்பு எழுதினார். (சங்கடம் அவருக்கு. உடம்பு எரியறது யாருக்கோ!) நிகழ்ச்சி நிக்கல, இன்னிக்கும் ஓடுது.

நம்ம பக்கம் எனக்குப் பிடிச்ச உதாரணம் அண்ணா பல்கலைக்கழகத்தோட சமுதாய வானொலி. 2004 பிப்ரவரி 1-ல தொடங்கினது, இந்தியாவுல கல்லூரி வளாகத்துல வந்த முதல் சமுதாய வானொலி. பக்கத்துக் குடியிருப்புப் பெண்களே பயிற்சி எடுத்து நிகழ்ச்சி செஞ்சாங்க. நம்ம தெருப் பொம்பளை பேச்சுல வந்தா காது தானா திறக்கும்.

ரேடியோ விட்ட மீதியை இங்கயே சொல்லிடறேன். நம்ம நாட்டுல தீட்டு நிற்கிற சராசரி வயசு 46, 47. மேலை நாடுகள்ல 51. அதனால 45-ல திடீர்னு சூடு ஏறி வேர்த்தா "இந்த வயசுலயா?"ன்னு குழம்பாதீங்க. மூளையில இருக்கிற வெப்பக் கட்டுப்பாடு தடுமாறுது, அவ்வளவுதான். மருந்து இருக்கு.

தொடர்ந்து 12 மாசம் வராம இருந்து, அப்புறம் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் "மறுபடி வந்துடுச்சு"ன்னு விட்டுடாதீங்க. பலருக்கு அது சாதாரண காரணம்தான். ஏறக்குறைய பத்துல ஒருத்தருக்கு கர்ப்பப்பைப் புற்றுநோய். ஆரம்பத்துலயே வந்தா பெரும்பாலும் குணப்படுத்திடலாம். அதே வாரம் டாக்டர்கிட்ட போங்க.