மாணவர் கையில் ஒரு நாளிதழ்

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 1891ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி திறந்துவைக்கப்பட்டது. இருப்புப்பாதைத் தொழிலிற் பெருஞ் செல்வம் ஈட்டியவரும் கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநருமான லீலண்ட் ஸ்டான்போர்ட், பதினைந்து வயதில் இறந்துபோன தம் ஒரே மகனின் நினைவாக மனைவி ஜேன் அம்மையாருடன் சேர்ந்து அதனை நிறுவினார். கட்டடங்களின் சுண்ணாம்பு உலருமுன்னரே மாணவர் ஒரு செய்தித்தாளைத் தொடங்கிவிட்டனர் என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது. 1892இல் வெளிவந்த அத்தாளுக்கு 'டெய்லி பாலோ ஆல்டோ' என்று பெயர். 1926ஆம் ஆண்டு அப்பெயர் 'ஸ்டான்போர்ட் டெய்லி' என மாறியது. அன்றிலிருந்து இன்றுவரை அதே பெயரில் அது நடந்துவருகின்றது.

மாணவர் பத்திரிகை என்றதும் ஆண்டுக்கொருமுறை வெளிவரும் கல்லூரி மலர்தான் நம் நாட்டில் பலருக்கு நினைவுக்கு வரும். அதிபரின் ஆசிச்செய்தி முதற் பக்கத்திலும், விளையாட்டுக் குழுவின் படம் நடுப்பக்கத்திலும், இரண்டு கவிதைகள் இறுதியிலும் இடம்பெறும் மலர் அது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நாளிதழ் முற்றிலும் வேறானது. தவணைக் காலத்தில் வாரத்திற்கு ஐந்து நாளும் அச்சாகி விடியற்காலையில் வளாகமெங்கும் இலவசமாகக் கிடைத்த தாள் அது; ஸ்டான்போர்ட் டெய்லியும் பல தசாப்தங்கள் அவ்வாறே வந்தது. பகலில் விரிவுரைக்குச் செல்லும் இளைஞரே பின்னேரத்திற் செய்தியாளராகி, இரவிற் பிழைதிருத்துநராகி, நள்ளிரவுக்குப் பின்பு உறங்கச் சென்றனர். மறுநாட் காலைப் பரீட்சையில் அவர்கள் எவ்வாறு எழுதினர் என்பது வேறு கதை.

அதன் நிருவாகத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஆண்டொன்றில் இரண்டு தொகுதிகள். தொகுதிக்கு ஒரு பத்திராதிபர்; அவரைத் தெரிவுசெய்வோர் பத்திரிகையில் வேலைசெய்யும் மாணவர்களே. பல்கலைக்கழகத் தலைவருக்கோ பேராசிரியர் சபைக்கோ அத்தெரிவில் வாக்கில்லை. ஆறு திங்களுக்கு ஒருமுறை தலைமை மாறும் ஒரு நாளிதழை நகரத்து முதலாளி எவரும் நடத்தத் துணியார். அனுபவம் முற்றும் வேளையில் பத்திராதிபர் பட்டம் பெற்றுப் போய்விடுகின்றார். நேற்றைய பிணக்கின் வரலாறு இன்றைய குழுவிற்குத் தெரியாது. ஆயினும் இதில் ஒரு நன்மையும் இருக்கின்றது. எவரும் அப்பதவியில் நெடுங்காலம் இருக்கப்போவதில்லையாதலால், அதனைக் காப்பாற்றும்பொருட்டு உண்மையை விழுங்க வேண்டிய தேவை குறைவு.

பணத்தின் பேச்சுக்கு வருவோம். சுதந்திரம் என்பது பெரும்பாலும் அதிற்றான் தங்கியிருக்கின்றது. ஸ்டான்போர்ட் தனியார் பல்கலைக்கழகம். அமெரிக்க அரசியல் யாப்பின் முதலாவது திருத்தம் பத்திரிகைச் சுதந்திரத்தைக் காப்பது மெய்யே. ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசாங்கத்தின் கையை மாத்திரமே. தாளின் சொந்தக்காரர் ஒரு தனியார் நிறுவனமாயின், எதை அச்சிடலாம் எதை அச்சிடலாகாது என்று அவர் தீர்மானிப்பதை அத்திருத்தம் தடுக்காது. நிறுவனரின் விருப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஸ்டான்போர்ட் தொடக்கத்திலேயே கண்டது. 1900ஆம் ஆண்டு எட்வர்ட் ரொஸ் என்னும் பேராசிரியரின் அரசியற் பேச்சுக்கள் ஜேன் அம்மையாருக்குப் பிடிக்காமற் போகவே, அவர் பதவி விலக நேர்ந்தது. அதனை எதிர்த்து வேறு பேராசிரியர் சிலரும் வெளியேறினர். ரொஸ் கூறியவற்றுள் ஆசியத் தொழிலாளரின் வருகைக்கெதிரான இனவெறுப்பும் கலந்திருந்தது. அதனை இன்று எவரும் போற்றமாட்டார். எனினும், சொந்தக்காரரின் கோபம் ஒருவரின் பதவியைப் பறிக்கப் போதுமானதாயிருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

1960களின் இறுதியில் வியட்னாம் யுத்தம் அமெரிக்க வளாகங்களை உலுக்கியது. மாணவர் பத்திரிகைகளின் தலையங்கங்கள் சூடேறின. நிருவாகங்களின் முகமும் கறுத்தது. அண்மையிலுள்ள பார்க்லியில் 'டெய்லி கலிபோர்னியன்' 1971ஆம் ஆண்டில், மக்கள் பூங்கா எனப்பட்ட நிலத்தை மாணவர் மீட்கவேண்டுமென எழுதிய தலையங்கத்தால் எழுந்த பிணக்கின் முடிவிற் பல்கலைக்கழகத்தை விட்டுப் பிரிந்தது. ஸ்டான்போர்ட் டெய்லி 1973இல் அவ்வாறு பிரிந்தது. மாணவர்களே ஓர் இலாபநோக்கற்ற பதிப்புச் சங்கத்தை அமைத்து, தாளின் உரிமையை அதனிடம் வைத்தனர். பிரிவினால் இருதிறத்தாருக்கும் ஆதாயமுண்டு. பத்திரிகைக்குத் தன் விருப்பப்படி எழுதும் உரிமை. பல்கலைக்கழகத்திற்கோ, அவதூறு வழக்கு வந்தால் தான் பொறுப்பாளியல்ல என்று சொல்லும் நிம்மதி. விளம்பரங்கள், பழைய மாணவரின் நன்கொடைகள், மாணவர் வாக்களித்து ஒதுக்கும் கட்டணம் ஆகியவற்றால் அது பின்பு வாழ்ந்தது. 2009இல் திறக்கப்பட்ட அதன் கட்டடத்திற்கு, ஒருகாலத்தில் அத்தாளின் பத்திராதிபராயிருந்து பின்னர் செய்தி விநியோக நிறுவனமொன்றை நிறுவிச் செல்வந்தரான லொறி லோக்கியின் பெயர் சூட்டப்பட்டது.

ஆனால் அப்பத்திரிகையின் பெயர் சட்டப் புத்தகங்களில் ஏறியது இப்பிரிவினைக்குச் சற்று முன்னர் நிகழ்ந்த ஒரு சம்பவத்தினாலாகும்.

1971ஆம் ஆண்டு ஏப்ரில் 8ஆந் திகதி பிற்பகல், ஸ்டான்போர்ட் வைத்தியசாலையின் நிருவாக அலுவலகத்தை ஆர்ப்பாட்டக்காரர் கைப்பற்றினர். மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை. வெளியேறுமாறு கேட்டும் பயன் விளையாததால், பொலிஸார் தாழ்வாரத்தின் மேற்குக் கதவை உடைத்து உட்புகுந்தனர். அவ்வேளை ஒரு கூட்டத்தார் கிழக்குக் கதவு வழியாகத் தடிகளுடன் பாய்ந்து, அங்கு நின்ற ஒன்பது பொலிஸாரைத் தாக்கினர். ஒன்பது பேரும் காயமுற்றனர். ஒருவரின் தோள் எலும்பு முறிந்தது. தாக்கியோருள் இருவரை மாத்திரமே பொலிஸாரால் அடையாளங் காண முடிந்தது. செய்தியாளர் பெரும்பாலோர் மேற்குப் பக்கத்தில் நின்றிருந்தனர். கிழக்கிலே பொலிஸாரின் படப்பிடிப்பாளர் எவரும் இல்லை.

ஏப்ரில் 11ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, டெய்லி ஒரு விசேட பதிப்பை வெளியிட்டது. அதிலிருந்த நிழற்படங்கள், அதன் படப்பிடிப்பாளர் கிழக்குக் கதவருகே நின்றிருந்தாரென்பதைக் காட்டின. திங்கட்கிழமை சாந்தா கிளாரா மாவட்டத்து அரச வழக்குரைஞர் அலுவலகம் நீதிமன்றத்தில் ஒரு சோதனை ஆணையைப் பெற்றது. அன்றே நான்கு பொலிஸார் பத்திரிகை அலுவலகத்தினுள் நுழைந்தனர். இருட்டறை, கோப்பு அலுமாரி, மேசை இலாச்சி, குப்பைக்கூடை யாவும் தேடப்பட்டன. பூட்டியவற்றை மட்டும் அவர்கள் திறக்கவில்லை. முன்னரே அச்சான படங்களைத் தவிர அங்கு வேறொன்றும் அகப்படவில்லை; ஒன்றும் எடுத்துச் செல்லப்படவுமில்லை. பத்திரிகையைச் சேர்ந்த எவரும் குற்றம் புரிந்ததாக அந்த ஆணைக்கான சத்தியக்கடதாசியிற் சொல்லப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

மாணவர் பொலிஸ் தலைவர் ஜேம்ஸ் சேர்ச்சர் முதலானோர்மீது வழக்குத் தொடுத்தனர். அவர்கள் வாதம் சுருக்கமானது. படம் வேண்டுமானால் அதனைச் சமர்ப்பிக்குமாறு நீதிமன்றக் கட்டளை அனுப்பியிருக்கலாம். அக்கட்டளையை எதிர்த்து நீதிபதி முன் வாதிடப் பத்திரிகைக்கு வாய்ப்பிருந்திருக்கும். சோதனை ஆணையோ கதவைத் தட்டும் கணத்திலேயே நிறைவேறிவிடுகின்றது. செய்தியாளரை நம்பி இரகசியமாகப் பேசியவரின் பெயர் அவ்வலுவலகத்து மேசையில் இருக்கலாம். வேறெதையோ தேடும் பொலிஸாரின் கண்ணிலும் அது படலாம். மறுபக்கத்து நியாயமும் இலேசானதன்று. ஆர்ப்பாட்டக்காரருக்கு எதிராகச் சான்றாகக்கூடிய படங்களை அழித்துவிடுவதே தன் கொள்கையென டெய்லி முன்னரே அறிவித்திருந்தது. எலும்பு முறிந்த பொலிஸ்காரருக்கு அக்கொள்கை எத்தகைய நீதியாகத் தோன்றியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

1972இல் மாவட்ட நீதிபதி ரொபேர்ட் பெக்கம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தார். மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனையே உறுதிசெய்தது. உயர் நீதிமன்றம் 1978ஆம் ஆண்டு மே மாதம் 31ஆந் திகதி, ஐவருக்கு மூவர் என்னும் கணக்கில், அதனைப் புரட்டிவிட்டது. குற்றத்திற்குச் சான்று இருக்குமென நம்பக் காரணமுள்ள இடம் எதுவாயினும், அதன் சொந்தக்காரர் நிரபராதியாயினும், சோதனையிடலாம் என்றும், பத்திரிகை அலுவலகமாயின் ஆணை வழங்கும் நீதிபதி கூடிய அவதானத்துடன் நடந்தாற் போதும் என்றும் நீதியரசர் வைற் எழுதினார். எதிர்த்தெழுதிய நீதியரசர் ஸ்டூவார்ட், இரகசியமாகத் தகவல் தருவோர் இனி வாய்திறக்க அஞ்சுவரெனச் சுட்டிக்காட்டினார்.

வழக்கில் தோற்ற மாணவர், வென்றிருந்தாற் கிடைத்திருக்கக்கூடியதற்குக் குறையாத ஒன்றைப் பின்னர் பெற்றனர். ஒரு கல்லூரித் தாளுக்கு நேர்ந்தது தமக்கும் நேரலாம் என்பதைப் பெரும் பத்திரிகைகள் உணர்ந்தன. ஆரவாரம் எழுந்தது. 1980ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஜனாதிபதி கார்ட்டர் அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டத்திற் கையொப்பமிட்டார். செய்தியாளரே குற்றத்திற் சந்தேகிக்கப்படுவது, உயிராபத்தைத் தடுப்பது போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, வெளியிடுதற்பொருட்டுச் சேர்த்த குறிப்புகளையும் படங்களையும் தேடி அரச அதிகாரிகள் நுழைவதை அச்சட்டம் தடைசெய்கின்றது. அமெரிக்கச் செய்தியறை ஒவ்வொன்றும் அதன் நிழலில் இருக்கின்றது.

சுதந்திரம் எதற்குப் பயன்பட்டது என்பதற்குப் பிற்கால உதாரணம் ஒன்றுண்டு. 2022ஆம் ஆண்டு நவம்பரில், முதலாண்டு மாணவரான தியோ பேக்கர், பல்கலைக்கழகத் தலைவரும் நரம்பியல் விஞ்ஞானியுமான மார்க் டெசியே-லவீன் பங்குகொண்ட ஆய்வுக் கட்டுரைகளிற் படங்கள் திருத்தப்பட்டிருப்பதாக எழுந்த ஐயங்களைப் பற்றி டெய்லியில் எழுதினார். பல்கலைக்கழகத்தின் நம்பிக்கைப் பொறுப்பாளர் சபை விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. 2023 யூலையில் வெளிவந்த அதன் அறிக்கை இரு பக்கமும் வெட்டியது. அவர் தாமே தரவுகளைத் திரித்தாரென்பதற்குச் சான்றில்லை; 2009ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றைப் பற்றி டெய்லி வெளியிட்ட மோசடிக் குற்றச்சாட்டும் நிரூபணமாகவில்லை. ஆனால் அவருடைய ஆய்வுகூடங்களில் பிறர் தரவுகளைத் திரித்திருந்தனர்; பிழைகள் சுட்டப்பட்டபோது அவர் திருத்தத் தவறினார். மூன்று கட்டுரைகளை மீளப்பெறவும் இரண்டைத் திருத்தவும் இணங்கிய அவர், ஓகஸ்ட் இறுதியில் தலைமைப் பதவியை விட்டு விலகிப் பேராசிரியராகத் தொடர்ந்தார். பேக்கர் போல்க் விருதைப் பெற்றார். அவ்விருதை அவ்வளவு இளவயதில் எவரும் அதற்கு முன் பெற்றதில்லை. தலைவருக்குச் சொந்தமான தாளில் இது அச்சேறியிருக்குமா என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

2024ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆந் திகதி, பலஸ்தீனருக்கு ஆதரவான ஆர்ப்பாட்டக்காரர் தலைவரின் அலுவலகத்தைக் கைப்பற்றியபோது, செய்தி திரட்ட உடன்சென்ற டெய்லியின் மாணவச் செய்தியாளரும் கைதானார். முன்பு சோதனை ஆணை பெற்ற அதே சாந்தா கிளாரா மாவட்டத்து வழக்குரைஞர் அலுவலகத்திடம் விடயம் சென்றது. 2025 மார்ச்சில், அச்செய்தியாளர்மீது வழக்குத் தொடுப்பதில்லையென அவ்வலுவலகம் அறிவித்தது.