தொட்டியில் காய்த்த அன்னாசி

என் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மண்தொட்டி இருக்கிறது. அதில் ஓர் அன்னாசிச் செடி. சந்தையில் வாங்கிய பழத்தின் கொண்டையைத் திருகி எடுத்து, சில நாள் நிழலில் உலர்த்தி, மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணில் ஊன்றினேன். இரண்டு ஆண்டுகளும் சில திங்களும் சென்றுவிட்டன. ஓய்வுபெற்ற தலைமையாசிரியனுக்குக் காத்திருத்தல் கடினமன்று. என் பேரனுக்குத்தான் பொறுமை இல்லை. சென்ற மாதம் குருத்தின் நடுவே செந்நிறம் தோன்றிற்று. இனி அது பூத்துக் காய்த்துக் கனிய ஐந்தாறு மாதங்கள் ஆகும். அன்னாசியைத் தொட்டியில் வைத்துக் காத்திருந்தவன் நான் மட்டும் அல்லேன். அக்காத்திருப்புக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதனையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

அன்னாசியின் தாயகம் தென்னமெரிக்கா. 1493ஆம் ஆண்டில், தம் இரண்டாம் பயணத்தின்போது, குவாதலூப் தீவில் கொலம்பசும் அவருடைய மாலுமிகளும் இதனைக் கண்டனர். 'அன்னாசி' என்று நாம் வழங்கும் பெயர் பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் துப்பி மொழியில் பிறந்து, போர்த்துக்கீசியர் வாய்வழியே நம்மிடம் வந்தது. பெயரோடு செடியும் வந்தது. 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த அச்செடி, தான் பிறந்த நாட்டின் வெப்பத்தையே இங்கும் கண்டு, எளிதில் வேரூன்றிவிட்டது.

அக்பரின் அமைச்சர் அபுல் பசல் தம் 'அயினி அக்பரி' என்னும் நூலில் இப்பழத்துக்கு வழங்கிய ஓர் அழகிய பெயரைக் குறிப்பிடுகிறார். 'பயணப் பலா' என்பது அதன் பொருள். இளஞ்செடியைக் கலத்தில் வைத்துப் பயணத்தில் உடன் கொண்டுசென்றாலும் அது பழம் தரும் என்பதே காரணம். ஜஹாங்கீர் காலத்தில் ஆக்ராவின் அரசத் தோட்டத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அன்னாசி விளைந்ததாக அவரே எழுதியிருக்கிறார். நம் நாட்டில் தொட்டி அன்னாசி அவ்வளவு எளிய செய்தி.

ஐரோப்பாவிலோ நிலைமை வேறு. கடற்பயணம் வாரக்கணக்கில் நீண்டது. பழங்களிற் பெரும்பாலானவை வழியிலேயே அழுகின. 1668இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசு தம் தட்டிலிருந்தே ஒரு துண்டை ஜான் ஈவ்லின் என்னும் அறிஞருக்கு அளித்தார். புகழுரைகளைப் படித்துப் பேராவலோடு இருந்த ஈவ்லின், எதிர்பார்த்த சுவை அதில் இல்லை என்று நாட்குறிப்பில் எழுதி வைத்தார். நெடுந்தொலைவு வந்த பழம் மணமிழந்திருக்கும் என்றும் அவரே அமைதி கூறிக்கொண்டார். அதே நூற்றாண்டின் இறுதியில் ஜான் லாக் என்னும் தத்துவ அறிஞர், சொற்களால் மட்டும் அறிவு விளையாது என்பதற்கு இப்பழத்தையே சான்று காட்டினார். அன்னாசியை உண்ணாதவனுக்கு அதன் சுவையை எவ்வளவு விளக்கினாலும் விளங்காது என்றார். ஆசிரியர்கள் அனைவரும் நினைவிற்கொள்ள வேண்டிய கருத்து இது.

உண்டு அறிய வேண்டுமாயின், அங்கேயே விளைவிக்க வேண்டும். அம்முயற்சியில் முந்தியவர்கள் ஆலந்து நாட்டினர். வெக்ட் ஆற்றங்கரையில் தோட்டம் அமைத்திருந்த அக்னசு பிளாக் என்னும் பெருமாட்டி 1687இல் பழம் காணச் செய்தார். ஐரோப்பாவில் விளைந்த முதல் அன்னாசி அதுவே என்பர். 1700இல் அவரைச் சிறப்பித்து ஒரு பதக்கம் வார்க்கப்பட்டது. இயற்கை தர மறுப்பதைக் கலையும் உழைப்பும் தரும் என்ற கருத்து அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அவ்வுழைப்பின் தன்மையைச் சற்று விளக்குகிறேன். பனி பெய்யும் நாட்டில் தொட்டி மண்ணை ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும். குதிரைச் சாணம் புளிக்கும்போது சூடு பிறக்கும். ஆனால் அச்சூடு கடுமையாக எழுந்து விரைவில் தணிந்துவிடும். நம் நாட்டில் ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டதுபோல் அங்கே ஓக் மரப்பட்டையால் பதனிட்டனர். அவ்வாறு பயன்படுத்திக் கழித்த பட்டையை ஈரத்தோடு குழியில் குவித்தால், அது மெல்லப் புளித்து, மிதமான சூட்டை இரண்டு மூன்று மாதங்கள் விடாது தரும். செங்கல் கட்டிய குழியில் பட்டையைக் கொட்டி, தொட்டிகளை விளிம்புவரை அதில் புதைத்து, மேலே கண்ணாடிச் சட்டம் மூடினர். சூடு தணிந்தால் பட்டையைக் கிளறவேண்டும். ஓய்ந்தால் புதுப்பட்டை இடவேண்டும். கடுங்குளிரில் நள்ளிரவிலும் எழுந்து அடுப்பைப் பார்க்கவேண்டும். வெப்பமானிகளில் அன்னாசிக்கு உரிய சூட்டைக் காட்ட அதன் பெயரையே குறித்து விற்றனர். இத்தனையும் இரண்டு மூன்று ஆண்டுகள் செய்தால் ஒரு செடிக்கு ஒரு பழம்.

இங்கிலாந்தில் இதனை நிலைநாட்டியவர் ஹென்றி டெலண்டே என்னும் தோட்டக்காரர். ஆம்ஸ்டர்டாமில் பிறந்து லண்டனில் குடியேறிய செல்வ வணிகர் மாத்யூ டெக்கர் அவருடைய தலைவர். ரிச்மண்டில் இருந்த டெக்கரின் தோட்டத்தில் விளைந்த ஓர் அன்னாசி அரச விருந்துக்குத் தகுதி பெற்றது. அதன் நினைவாக 1720இல் நெட்ஷர் என்னும் ஓவியர் அப்பழத்தைத் தீட்டினார். கேம்பிரிட்ஜ் நகரின் பிட்சுவில்லியம் காட்சிச்சாலையில் அவ்வோவியம் இன்றும் இருக்கிறது. அதற்கென எழுதப்பட்ட இலத்தீன் வாசகம், பொருள் செலவிட்ட டெக்கரையும் தூரிகை பிடித்த நெட்ஷரையும் போற்றுகிறது. வாசகத்தை அமைத்தவரின் பெயர்கூட அதில் இருக்கிறது. நள்ளிரவில் எழுந்து பட்டையைக் கிளறியவரின் பெயர் இல்லை. ரிச்சர்டு பிராட்லி என்னும் தாவர நூலார், டெலண்டேயின் முறையை விரிவாக எழுதி வெளியிட்டமையால்தான் அப்பெயர் நமக்குத் தெரிகிறது.

பின்னர் அன்னாசி செல்வத்தின் அடையாளமாயிற்று. ஸ்காட்லாந்தில் டன்மோர் என்னுமிடத்தில் ஒரு பிரபு அன்னாசி வடிவிலேயே கல்மண்டபம் எழுப்பினார். அதன் உயரம் ஏறத்தாழ 45 அடி. வாங்க இயலாதவர்கள் விருந்து மேசையில் வைப்பதற்காகப் பழத்தை வாடகைக்கு எடுத்ததும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பழங்களைக் குவிக்கத் தொடங்கியதும் அப்பெருமை சரிந்தது. கண்ணாடி வீடுகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. இங்கிலாந்தின் தென்மேற்கில் ஹெலிகன் என்னும் தோட்டத்தில் மட்டும், சிதைந்து கிடந்த பழைய அன்னாசிக் குழியை 1990களில் சீர்செய்து, சாணச் சூட்டிலேயே மீண்டும் பழம் எடுத்துக் காட்டினர்.

அன்பர்களே, அந்த ஓவியத்தின் செய்தியைப் படித்த நாள்முதல் என் உள்ளத்தில் ஒன்று உறுத்துகிறது. நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் எங்கள் பள்ளித் தோட்டம் ஒருமுறை பரிசு பெற்றது. சான்றிதழில் பள்ளியின் பெயரும் என் பெயரும் இருந்தன. மேடையேறிப் பெற்றுக்கொண்டேன், சட்டமிட்டு அறையில் மாட்டினேன். கோடை விடுமுறையிலும் நாள்தோறும் வந்து நீர் ஊற்றிய தோட்டக்காரர் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று கைதட்டினார். அவர் பெயரைச் சேர்த்து எழுத ஒரு வரி போதும். அந்த வரியை எழுத எனக்குத் தோன்றவில்லை. 'முதல் அன்னாசியை விளைவித்தவர் யார்?' என்று மாணவனைக் கேட்டால் பிரபுவின் பெயரைத்தான் சொல்வான். அவ்வாறு சொல்லக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

அவர் இன்று முதியவர். பக்கத்து ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார். சென்ற வாரம் போய்க் கண்டேன். செடியைப் பற்றிச் சொன்னேன். பூ விட்டபின் தண்ணீரைக் குறைத்து ஊற்றுமாறு அவர் எனக்குப் பாடம் சொன்னார். "இந்தப் பேச்சில் உங்கள் பெயரைச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். சற்று நேரம் சிரித்தார். பிறகு, "ரேடியோவில எதுக்குங்க ஐயா? பழம் பழுத்தா ஒரு துண்டு கொடுங்க, போதும்" என்றார்.

அவர் விருப்பப்படி அவர் பெயரை இங்கே நான் கூறவில்லை. ஆனால் சான்றிதழின் சட்டத்தைக் கழற்றி, என் பெயருக்கு மேலே அவர் பெயரை என் கையாலேயே எழுதி வைத்துவிட்டேன். இனி மாடித் தொட்டியின் பழம் கனியவேண்டும். முதல் துண்டு யாருக்கு என்பதைப் பேரனிடமும் சொல்லிவிட்டேன். அவன் ஒப்புக்கொண்டான், இரண்டாம் துண்டு தனக்கே என்னும் நிபந்தனையோடு.