நெய்வேலிப் பங்குகள்

மாணவர்களே, நெய்வேலி என்றதும் கரியும் மின்சாரமும் நினைவுக்கு வருவது இயல்பே. நான் இன்று சொல்லப் புகுவது, அக்கரியை வெட்டும் நிறுவனத்தின் பங்குகளைப் பற்றி.

1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. மறு ஆண்டு மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். மூலதனம் மைய அரசினது. பல்லாண்டுகட்குப் பின்னரே ஒரு சிறு பகுதி பங்குச் சந்தைக்கு வந்தது. 2013இலும் 93.56 விழுக்காடு அரசிடமே இருந்தது. சந்தையில் இடம்பெற்ற அரசுக் கம்பெனிகளில் 10 விழுக்காடேனும் பிறர் கையில் இருத்தல் வேண்டும் என்பது அன்றைய விதி. அதன்படி 3.56 விழுக்காட்டை விற்க மைய அரசு முனைந்தது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தமிழக அரசின் ஐந்து நிறுவனங்கள் ஏறத்தாழ 358 கோடி ரூபாய் கொடுத்து அப்பங்குகளை வாங்கின. இலாபத்தினும் உரிமையே அங்குப் பெரிதாக எண்ணப்பட்டது.

தனி மனிதர் அவ்வாறு வாங்கலாமா? அதற்கு நிறுவனத்தின் இயல்பை அறிய வேண்டும். வெட்டிய பழுப்பு நிலக்கரி அருகிலுள்ள அனல்மின் நிலையங்களில் எரிகிறது. அம்மின்சாரத்தின் விலையை ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கிறது. ஆதலின் இலாபம் திடீரெனப் பொங்குவதில்லை. வாங்குவோர் பெரும்பாலும் மாநில மின் வாரியங்கள். அவை பணம் தரத் தாமதித்தால் நிறுவனத்திற்கு முடை.

1952இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பங்கு தனித்து நல்லதா என்று கேட்பது போதாது. நம்மிடமுள்ள பிறவற்றோடு சேர்ந்தே அது ஏறி இறங்குமா என்றும் கேட்க வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. (வகுப்பில் கணக்கைக் கண்டு அஞ்சுவோர் கவனிக்க.)

இதை நெய்வேலியில் பொருத்திப் பாருங்கள். சுரங்கத் தொழிலாளி ஒருவரின் சம்பளமும் குடியிருக்கும் வீடும் அந்நிறுவனம் தருபவை. அது தளர்ந்தால் அவர் வருவாயும் சுருங்கும். பங்கின் விலையும் உடன் விழும். ஊர்ப்பற்றினால் அவர் தம் சேமிப்பையெல்லாம் அதே பங்கில் இடுவாராயின், பிறரைவிட அவருக்கே இடர் மிகுதி. மருந்து, துணி, வங்கி எனக் கரியோடு ஒட்டாத தொழில்களை அவர் நாடுவது தக்கது. அதிலும் இளைஞராயின் விலை வீழ்ந்தாலும் மீளும்வரை காத்திருக்க இயலும். ஓய்வுபெறும் நிலையில் உள்ளவரோ பெரும்பகுதியை அஞ்சலகச் சேமிப்பில் வைத்து, இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையையே பங்குகளில் இடலாம்.

2016இல் நிறுவனம் என்.எல்.சி. இந்தியா எனப் பெயர் பெற்றது. 2017, 2024 ஆகிய ஆண்டுகளில் மைய அரசு மேலும் பங்குகளை விற்றது. மழையையும் நெல்லையும் நம்பி வாழும் தஞ்சை உழவர் ஒருவரின் தொகுப்பில் அப்பங்கு சிறிதளவு இருப்பது பொருந்தலாம். அவர் வயல் வறண்ட ஆண்டிலும் நெய்வேலியில் கரி வெட்டப்படும்.