இங்கிலாந்தின் பங்குப் பதிவேடுகள்: ஒரு பெயர் எப்போது ஓர் ஆளாகிறது?

1538 செப்டம்பரில், எட்டாம் ஹென்றியின் முதன்மை அமைச்சரான தாமஸ் கிராம்வெல் இங்கிலாந்தின் எல்லாப் பங்குக் குருமாருக்கும் ஓர் ஆணை பிறப்பித்தார். பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சார்ந்த ஊர்ப்பகுதியில், நடக்கும் ஒவ்வொரு ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் அடக்கத்தையும் ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் கோவில் பொறுப்பாளர் முன்னிலையில் அந்த வாரத்துப் பதிவைச் செய்ய வேண்டும். புத்தகத்தை இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் வைக்க வேண்டும். தவறினால் தடவைக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் தண்டம். மக்கள் இதை நம்பவில்லை. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் பிணத்தைப் புதைக்கவும் அரசன் வரி கேட்கப் போகிறான் என்ற பேச்சு ஏற்கெனவே 1536 வடநாட்டுக் கலகத்தின்போது ஊர் ஊராய்ப் பரவியிருந்தது. ஆணை வந்த பிறகு கார்ன்வாலிலும் டெவனிலும் அதே அச்சம் தலைதூக்கியதை அப்பகுதிப் பிரபு ஒருவர் 1539-இல் கிராம்வெல்லுக்கே எழுதித் தெரிவித்தார். அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை; அந்த வரி 156 ஆண்டு தாமதமாக வந்தது, அவ்வளவுதான். இன்று ஆங்கிலக் குடும்பங்கள் தங்கள் வேரைத் தேடிப் புரட்டுவது இந்தப் புத்தகங்களைத்தான். முன்னோரை நினைவில் வைப்பதற்காக இவை எழுதப்பட்டவை அல்ல. சடங்கு நடந்ததைக் குறிக்கும் ஏடாகத் தொடங்கி, மூன்று நூற்றாண்டுகளில் ஆளை அடையாளம் காட்டும் ஏடாக இவை மாறின. அந்த மாற்றத்தை உந்தியது பெரும்பாலும் பக்தி அன்று. சொத்து, வரி, ஏழைகளுக்கான செலவு என்னும் மூன்று கவலைகளே. ஆகையால் ஒருவர் தம் மூதாதையை நிறுவ முடியுமா என்பது, அந்த மூதாதை இக்கவலைகளில் எதன் கண்ணில் பட்டார் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

தொடக்ககாலப் பதிவுகளின் வறுமையை முதலில் பார்க்க வேண்டும். 1538 ஆணை பெற்றோர் பெயரைக் கேட்கவில்லை. நாள், சடங்கு, பெயர் ஆகியவற்றோடு பல குருமார் நிறுத்திக்கொண்டனர். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஆண்பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஜான், வில்லியம், தாமஸ் என்ற மூன்று பெயர்களுக்குள் அடங்கிவிடுவார்கள். பெண்பிள்ளைகளிடம் எலிசபெத், மேரி, ஆன் ஆகியவை அதே இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஒரு பிள்ளை இறந்தால் அடுத்து வரும் பிள்ளைக்கு அதே பெயரை வைக்கும் வழக்கமும் இருந்தது. ஒரு பங்கில் ஒரே குடும்பப் பெயரோடு நான்கு ஜான்கள் ஒரே காலத்தில் வாழ்ந்தால், அவர்களில் ஒருவனைத் தாத்தாவின் தாத்தா என்று சுட்டிக்காட்டுவது எப்படி? பெயரைக் கண்டுபிடிப்பது சான்றாகாது. மற்ற மூன்று ஜான்களையும் விலக்கிக் காட்டுவதே சான்று: ஒருவன் இரண்டு வயதில் அடக்கமானான், இன்னொருவன் வேறு பெண்ணை மணந்தான், மூன்றாமவன் உயிலில் பிள்ளையில்லை என்று தெரிகிறது என்று ஒவ்வொருவராய்க் கழிக்க வேண்டும். அப்படிக் கழிக்க உதவும் விவரம் பதிவில் இருக்க வேண்டும். 1616 டிசம்பர் 22-இல் லண்டன் புனித டயோனிஸ் கோவிலில் பதிவான ஒரு ஞானஸ்நானம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் குரு பேட்ரிக் கோப்லாண்ட் மசூலிப்பட்டினத்திலிருந்து அழைத்துப்போன இந்தியச் சிறுவனுக்கு, அரசர் முதலாம் ஜேம்ஸ் தேர்ந்தெடுத்த பீட்டர் என்னும் பெயர் சூட்டப்பட்டது. நாட்டின் அரசரே அக்கறை காட்டிய சிறுவனின் மூதாதையரைக்கூட அந்தப் பதிவைக் கொண்டு தொட முடியாது. ஒரு ஆன்மா சபைக்குள் வந்தது என்பதைச் சொல்வதே அந்தப் பதிவின் வேலை; எந்தத் தாய்க்குப் பிறந்தது என்பது அதன் கவலை அன்று.

அடுத்த நூறாண்டில் நடந்ததெல்லாம் பாதுகாப்புப் பணிதான், உள்ளடக்கம் அதிகம் மாறவில்லை. தாள்களில் எழுதியவை மட்கிப்போவதைக் கண்டு, 1597-இல் கேன்டர்பரி குருமார் மன்றம் தோல்தாளில் எழுதவும், பழைய பதிவுகளைப் படியெடுக்கவும், ஆண்டுதோறும் ஒரு படியைப் பேராயருக்கு அனுப்பவும் விதித்தது. அந்த விதியில், குறிப்பாக எலிசபெத் அரசி அரியணை ஏறிய ஆண்டிலிருந்து எழுத வேண்டும் என்னும் பொருள்பட ஒரு சொற்றொடர் நுழைந்தது. சோம்பல் மிகுந்த குருமாருக்கு அது போதுமான சாக்கு. பல பங்குகளில் புத்தகம் 1558-இல் தொடங்குவதற்குக் காரணம் இதுவே; முந்தைய இருபது ஆண்டுகள் எழுதப்படாமல் போகவில்லை, படியெடுக்கப்படாமல் போயின. 1603-இல் பெட்டிக்குப் பூட்டு மூன்றாயிற்று. உள்நாட்டுப் போரும் அதைத் தொடர்ந்த அரசரற்ற ஆட்சியும் நிலவிய 1642 முதல் 1660 வரை ஓட்டைகள் மிகுதி. 1653-இல் பாராளுமன்ற அரசு திருமணத்தை நீதிபதிகளிடமும் பதிவை மக்கள் தேர்ந்தெடுத்த பதிவாளரிடமும் ஒப்படைத்து, ஞானஸ்நான நாளுக்குப் பதிலாகப் பிறந்த நாளைக் குறிக்கச் சொன்னது. பதிவேட்டைச் சடங்கிலிருந்து பிரித்தெடுக்க நடந்த முதல் முயற்சி அது. அரசர் திரும்பியதும் கைவிடப்பட்டது.

மக்கள் 1538-இல் அஞ்சிய வரி 1694-இல் சட்டமாயிற்று. பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் சேர்க்க, பிறப்புக்கு 2 ஷில்லிங், திருமணத்துக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ், அடக்கத்துக்கு 4 ஷில்லிங் என்று விதித்தார்கள். உயர்ந்த நிலையினருக்கு மேலும் அதிகம். பங்கின் உதவியில் வாழ்ந்தவருக்கு விலக்கு. 1706 வரை நீடித்த இந்த வரியின் கணக்குகளை வைத்துத்தான் கிரிகரி கிங் நாட்டின் மக்கள்தொகையை மதிப்பிட்டார். 1783-இல் பதிவுக்கு 3 பென்ஸ் முத்திரைத் தீர்வை வந்தது. அதிலும் வறியவருக்கு விலக்கு. வசூலித்ததில் ஒரு பங்கைக் குருவே வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு பதிவேட்டை யார் பக்கம் நிறுத்தியது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆண்டுகளில் ஞானஸ்நானக் கணக்கு குறைந்தால் பிறப்பு குறைந்தது என்று பொருளல்ல. 1794-இல் தீர்வை நீங்கிய பிறகு ஒரே வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு வயதில் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் வியப்பதற்கில்லை. ஞானஸ்நான நாளைப் பிறந்த நாளாக எடுத்துக்கொள்பவர் இங்கே பல ஆண்டு தவறுவார்.

ஆளை அடையாளம் காட்டும் பெரிய பாய்ச்சல் திருமண ஏட்டில்தான் நிகழ்ந்தது, அதற்குக் காரணம் சொத்து. லண்டன் ஃப்ளீட் சிறைச்சாலையைச் சுற்றிக் கடன்பட்ட குருமார் சிலர் காசு கொடுத்தவர்க்கெல்லாம் இரகசியத் திருமணம் நடத்தி வைத்தனர். முன்தேதியிட்ட பதிவும் கிடைக்கும். நிலவுடைமைக் குடும்பங்களின் மகன்களும் மகள்களும் பெற்றோர் அறியாமல் மணந்ததால் வாரிசுரிமை வழக்குகள் மன்றங்களில் குவிந்தன. 1753-இல் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்து 1754 மார்ச் 25-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், கோவிலில் ஓலை வாசித்தோ உரிமம் பெற்றோ மட்டுமே திருமணம் செல்லும் என்றது. ஏட்டின் பக்கங்களுக்கு எண்ணும் கோடும் வேண்டும். மணமக்கள், இரண்டு சாட்சிகள், குரு ஆகியோர் கையெழுத்திட வேண்டும். பணக்காரர் சொத்தைக் காக்க இயற்றிய இச்சட்டம் ஏழைகளின் கையை முதன்முறையாகக் காகிதத்தில் கொண்டுவந்தது. அந்த ஏடுகளைக் கொண்டே, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மணமகன்களில் ஏறக்குறைய பத்தில் நால்வரும் மணமகள்களில் அறுவரும் கையெழுத்திடாமல் தற்குறி இட்டனர் என்று வரலாற்றாய்வாளர் ரோஜர் ஸ்கோஃபீல்டு கணக்கிட்டார். குடும்ப ஆய்வாளருக்கு இது இன்னும் நெருக்கமான உதவி: ஒரே பெயருள்ள இருவரைக் கையெழுத்தின் வடிவம் பிரித்துக் காட்டும்; சாட்சியாக நிற்பவர் பெரும்பாலும் அண்ணனோ மாமனோ ஆவார். குவேக்கர்களும் யூதர்களும் தவிர மற்ற எல்லாரும், கத்தோலிக்கர் உட்பட, ஆங்கிலிக்கன் கோவிலில்தான் மணக்க வேண்டியிருந்ததால், ஞானஸ்நான ஏட்டில் காணாமற்போனவர்கள் திருமண ஏட்டில் தோன்றுகிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அரசின் கவலையே எல்லாவற்றுக்கும் காரணம் என்றால், அரசு கேளாமலே விரிவாக எழுதிய குருமாரை எங்கே வைப்பது? யார்க் நகரின் வில்லியம் டேட் 1770 முதல் தம் பங்கில் பிள்ளையின் பெற்றோரோடு இருவழித் தாத்தா பாட்டிமாரின் பெயர், ஊர், தொழில் வரை எழுதினார். 1777-இல் யார்க் தலைமைப் பேராயர் மார்க்கம் அந்த முறையைத் தம் ஆட்சிப் பகுதிக்குப் பரிந்துரைத்தார். டேட் ஏடு கிடைத்த குடும்பம் பேறு பெற்றது. மூன்று தலைமுறை ஒரே வரியில் நிற்கும். ஆனால் அந்த மறுப்பு என் வாதத்தையே வலுப்படுத்துகிறது. மக்கள் திரண்ட தொழில் நகரங்களில் குருமார் இவ்வளவு எழுத மறுத்துவிட்டார்கள். நல்ல மனத்தால் வந்த விவரம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஜார்ஜ் ரோஸ் கொண்டுவந்து 1813 ஜனவரி 1 முதல் நடைமுறையான சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே அச்சுப் படிவத்தை விதித்ததும் டேட் முறை ஓய்ந்தது. புதிய படிவத்தில் தந்தையின் தொழிலும் வசிப்பிடமும் வந்தன, அடக்கத்தில் வயது வந்தது. தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயருக்கு இடமே இல்லை. விருப்பத்தால் சேர்ந்ததைச் சட்டம் அழித்தது. தனக்கு வேண்டியதை மட்டும் எங்கும் நிலைநிறுத்தியது. 

மூன்றாவது கவலையாகிய ஏழைச் செலவு, பதிவேட்டைச் சுற்றி இன்னொரு காகிதக் குவியலை வளர்த்தது. 1662 குடியிருப்புச் சட்டப்படி ஒருவர் வறுமைக்கு ஆளானால் அவருக்கு உரிமையுள்ள பங்கு மட்டுமே சோறு போடும். அந்த உரிமை தந்தை வழியாகவோ, தொழில் பழகியதாலோ, ஓராண்டு முழுதும் கூலிக்கு இருந்ததாலோ, ஆண்டுக்கு 10 பவுண்டு குத்தகை நிலம் பிடித்ததாலோ, மனைவிக்குக் கணவன் மூலமாகவோ வரும். பிடிபட்டவரை நீதிபதிகள் முன் நிறுத்தி, எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய், எத்தனை நாள், யாரை எங்கே மணந்தாய் என்று சத்தியம் வாங்கிக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஒரு பாமரத் தொழிலாளியின் வாழ்க்கையை அவர் வாயாலேயே சொல்லும் ஆவணம் இதைவிட வேறில்லை. திருமணமாகாத தாயின் பிள்ளை பிறந்த பங்கின் தலையிலேயே விழும் என்பதால், கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன் எல்லைக்கு அப்பால் தள்ளவும், தந்தையின் பெயரை வாங்கிப் பிணைமுறி எழுதிக்கொள்ளவும் பங்கு அலுவலர்கள் துடித்தனர். பதிவேட்டில் 'முறைகேடாய்ப் பிறந்தவன்' என்று ஒற்றைச் சொல்லோடு நிற்கும் குழந்தைக்குப் பிணைமுறியில் தகப்பன் கிடைக்கிறான். பிரபுக்களின் வம்சத்தை 1530 முதல் 1688 வரை அரசின் குலமரபு அலுவலர்கள் மாவட்டம் மாவட்டமாகச் சென்று பதிந்தார்கள். அடிமட்டத்தவரின் வம்சத்தை வறுமை பதிந்தது. இரண்டுக்கும் நடுவே, பிறர் கையை எதிர்பாராமல் தச்சு வேலையும் நெசவும் செய்து ஊர் மாறிய கைவினைஞரே தேடுவதற்கு மிகக் கடினமானவர். அவரிடம் மறைக்க ஒன்றுமில்லை, கேட்கவும் யாருமில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பதிவேடுகள் இவ்வளவு ஓட்டையென்றால், அவற்றை நம்பி எழுந்த மக்கள்தொகை வரலாறு நிற்பது எப்படி? பிரான்சில் லூயி ஆன்றி வகுத்த குடும்ப மறுகட்டமைப்பு முறையை டெவனின் கோலிட்டன் பங்கில் எட்வர்ட் ரிக்லி 1966-இல் பொருத்திக் காட்டினார். அவரும் ஸ்கோஃபீல்டும் 404 பங்குகளின் மாதக் கணக்குகளிலிருந்து 1541 முதல் 1871 வரையிலான இங்கிலாந்தின் மக்கள்தொகையை 1981-இல் வெளியிட்டனர். பெண்கள் இருபதுகளின் நடுவில்தான் முதல் மணம் புரிந்தார்கள் என்பது முதலான பெரிய உண்மைகள் இந்த ஆய்வுகளால் உறுதிப்பட்டன. அவற்றை மறுக்க வழியில்லை. ஆனால் புள்ளியியல் பிழையைத் தாங்கும்: ஆயிரம் ஞானஸ்நானத்தில் இருபது விடுபட்டாலும் விகிதத்தைத் திருத்திக்கொள்ளலாம், ரிக்லி குழுவினரும் ஆங்கிலிக்கன் சபையை மறுத்த சபையினரின் பெருக்கத்துக்கும் ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்த குழந்தைகளுக்கும் அப்படித் திருத்தங்கள் செய்தார்கள். மறுகட்டமைப்பில் ஊர் மாறிய குடும்பங்கள் கணக்கிலிருந்து கழன்றுவிடுகின்றன. அதனால் முறை தகர்வதில்லை. வம்சத் தேடலுக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்த விடுபட்ட இருபதில் ஒன்று நமக்கு வேண்டிய பிள்ளையாயிருந்தால் சங்கிலி அறுந்தது. அதனினும் கேடு, அறுந்தது தெரியாமல் பக்கத்துப் பங்கின் அதே பெயருள்ள பிள்ளையைக் கோத்துவிடுவது.

இப்போது எளிதாகக் கிடைக்கும் பெயர்ச் சுட்டிகள் இந்த ஆபத்தை வளர்த்திருக்கின்றன. மார்மன் சபை திரட்டிய பல நாட்டுச் சுட்டியில் ஞானஸ்நானமும் திருமணமும் திரண்டு கிடக்க, அடக்கம் அரிதாகவே சேர்க்கப்பட்டது. பெயரைக் கண்டதும் மகிழ்பவர், அந்தப் பிள்ளை எட்டாம் மாதத்தில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனதை அறியமாட்டார். சுட்டி வழி காட்டும். விலக்கும் வேலையை அடக்க ஏடுதான் செய்யும். 1978 ஏற்பாட்டுக்குப் பிறகு நூறாண்டு கடந்த பதிவேடுகள் பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்கு வந்துவிட்டன. ஆகவே மூலத்தைப் பாராமல் விடுவதற்குச் சொல்லக்கூடிய காரணம் குறைந்துவிட்டது. கடல் கடந்தவர்களுக்கும் ஓரளவு வழியுண்டு: சென்னைக் கோட்டை புனித மரியாள் கோவிலின் பதிவுகள் முதலானவற்றின் படிகள் 1698 முதல் லண்டனுக்குச் சென்றன. டெவனில் ஞானஸ்நானம் பெற்று இங்கிலாந்தின் எந்த அடக்க ஏட்டிலும் காணப்படாத ஒருவர் கோரமண்டல் கரையில் புதைக்கப்பட்டிருக்கக்கூடும்.

1837 ஜூலை 1-இல் அரசுப் பதிவு தொடங்கியபோதுதான் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் ஒவ்வொரு பிறப்புப் பதிவிலும் கட்டாய இடம் பெற்றது. அதற்கு முந்தைய மூன்று நூற்றாண்டுகளில் ஒரு பெண்ணின் கிளையை மேலே தொடர, அவள் திருமணப் பதிவு கிடைத்தே ஆகவேண்டும். கிடைக்காவிட்டால் அவள் வெறும் மேரி. புதிய முறையையும் முழுமையென்று கொள்ளலாகாது. பிறப்பைத் தேடிப் பதியும் பொறுப்பு பதிவாளருடையதாகவே இருந்தது; பெற்றோர் தாமாக வந்து சொல்லாவிட்டால் தண்டம் என்று 1874 சட்டம்தான் மாற்றியது. இடைப்பட்ட ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில் அரசு ஏட்டில் இல்லாத பிள்ளைகள் கணிசமாக உண்டு. அவர்களில் பலரைப் பங்குக் கோவிலின் ஞானஸ்நான ஏட்டில் இன்றும் காணலாம்.